ரெண்டு சுழியா, மூணு சுழியா?
காகிதச் சுருள் எழுத்துக்குத் தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(தொழில் கற்போம் பகுதி)



குவில்லிங் என்று சொல்கிற காகிதச் சுருள் வேலையை நம் குழுக்களில் பலர் நன்றாகக் கற்றுக்கொண்டு விட்டீர்கள். கம்மல், பதக்கம், வாழ்த்து அட்டை எல்லாம் கை பழகிவிட்டது. இப்போது வாடிக்கையாளர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள். குழந்தையின் பெயரில் முதல் எழுத்து, கல்யாணத்துக்கு மணமக்கள் எழுத்து, புதுமனை புகுவிழாவுக்கு வீட்டுப் பெயர் என்று எழுத்துப் பலகைக்கு ஆர்டர் வருகிறது. ஒரு ஜோடி கம்மலில் கிடைப்பதை விட ஒரு பலகையில் நல்ல கூலி நிற்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கம்மலில் ஒரு சுருள் பெரிசாகப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். எழுத்தில் ஒரு சுருள் பிசகினால் சொல்லே மாறிப் போகும். அதனால் இந்த வேலையில் முதல் படி சுருள் சுற்றுவது அல்ல, சரியான எழுத்தைத் தேர்ந்தெடுப்பது. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். முதலில் எங்களுக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தைச் சொல்கிறேன். அதில் என் தவறும் இருக்கிறது.

நடந்தது என்ன?

நான் பார்த்துக்கொள்ளும் குழு ஒன்றுக்கு வீட்டுப் பெயர்ப் பலகை ஆர்டர் வந்தது. "அன்னை இல்லம்" என்று பெயர். அம்மா ஞாபகமாக மகன் கட்டிய வீடு. பலகை ஒன்றரை அடிக்கு ஒரு அடி. விலை 1,500 ரூபாய் பேசி 500 ரூபாய் முன்பணம் வாங்கினோம். பட்டை, பலகை, சட்டம், பசை என்று பொருளுக்கு 420 ரூபாய் செலவு. அது குழுவின் உள்கடனில் இருந்து எடுத்தது.

கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு மெல்லிய, சாய்ந்த எழுத்து பார்த்தோம். கொடி மாதிரி வளைந்து அழகாக இருந்தது. அதையே பிரிண்ட் எடுத்தோம். எழுத்து 8 செ.மீ. உயரம், கோட்டின் தடிப்பு 6 மி.மீ. தான். நம்ம கையில் வந்த சுருளோ 8 மி.மீ. சுருள் கோட்டுக்குள் அடங்காமல் வெளியே பிதுங்கியது. "பரவாயில்லை, டிசைனா இருக்கும்" என்று மூன்று பேர் நான்கு நாள் உட்கார்ந்து ஒட்டி முடித்தோம்.

அன்றைக்குக் கூட்டத்துக்கு ஒரு அக்கா வந்திருந்தார். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டவர். இன்றைக்கும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பார். பலகையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மேடம், இது ரெண்டு சுழியா, மூணு சுழியா? எனக்கு 'அண்ணை'ன்னு தெரியுதே?"

நான் சிரித்துக்கொண்டே, "அது டிசைன்க்கா, நமக்குத் தெரியும்ல, 'அன்னை'ன்னுதான் போட்டிருக்கோம்" என்று சொன்னேன்.

நமக்குத் தெரியும். அதுதான் பிரச்சனை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பு படாது.

விழாவுக்கு முதல் நாள் பலகையைக் கொண்டு போய்க் கொடுத்தோம். வீட்டுக்காரர் வாசலில் மாட்டிவிட்டுத் தெருவில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "எங்கம்மாவுக்காக வெச்ச பேருங்க. அதுவே தப்பாத் தெரியுதே. நாளைக்கு நாலு பேர் வந்து சிரிப்பாங்களே."

அவர் கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்துத்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வீட்டு வாசலில் இப்போது ஃப்ளெக்ஸ் பலகை இருக்கிறது. உள்கடன் 420 ரூபாய்க்கு அந்த மாதம் வட்டியும் கட்டினோம். குழுவின் பொருளாளர் சொன்னது இது: "பலகை வித்துச்சா விக்கலையான்னு கடனுக்குத் தெரியாது மேடம். தேதி வந்தா தவணை வந்துடும்."

அந்தப் பலகையைத் தூக்கிப் போடவில்லை. கூட்ட அறையில் மாட்டி வைத்திருக்கிறோம். இந்தப் பாடம் முழுவதும் அதில் இருந்து கற்றுக்கொண்டதுதான்.

ஏன் தடித்த எழுத்து?

சுருள் எழுத்தில் எழுத்து ஒரு பாத்திரம், சுருள் அதில் போடுகிற பொருள். வாய் குறுகிய பாட்டிலில் அதிரசம் போட முடியுமா? அகலமான டப்பா வேண்டும். அதுபோல சுருள் உட்கார இடம் வேண்டுமென்றால் எழுத்தின் கோடு அகலமாக இருக்க வேண்டும். அகலக் கோடுள்ள எழுத்தைத்தான் தடித்த எழுத்து என்கிறோம். கம்ப்யூட்டர் சென்டரில் "போல்டு" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அதைவிடவும் தடித்ததை "பிளாக்" என்றும் சொல்வார்கள். கறுப்பு நிறம் என்று நினைத்துவிட வேண்டாம், அது தடிப்பின் பெயர்.

மெல்லிய எழுத்தில் மூன்று தொல்லை உண்டு.

1. சுருள் கோட்டுக்கு வெளியே பிதுங்கும். எழுத்தின் விளிம்பு கெட்டுவிடும்.

2. பிதுங்காமல் இருக்கச் சின்னச் சுருளாகச் சுற்ற வேண்டும். 5, 6 மி.மீ. சுருள் சுற்றக் கண்ணும் விரலும் வலிக்கும். அளவு சிறியது என்பதால் நேரமும் குறையாது.

3. தூரத்தில் இருந்து பார்த்தால் எழுத்து தெரியாது, வண்ணப் புள்ளிகள்தான் தெரியும்.

தடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?

கண்மதிப்பில் விடாமல் அளந்து பாருங்கள். ஸ்கேல் போதும்.

தமிழ் எழுத்துக்கு: உயரத்தை 6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ. உயர எழுத்து என்றால் கோடு 2 செ.மீ. தடிப்பு இருக்கலாம். 1 செ.மீ. சுருள் இரண்டு வரிசை அதில் அழகாக உட்காரும். எங்கள் பலகையில் 8 செ.மீ. எழுத்துக்குச் சுமார் 1.3 செ.மீ. கோடு வேண்டியிருந்தது. நாங்கள் வைத்ததோ அதில் பாதி கூட இல்லை.

ஆங்கில எழுத்துக்கு: உயரத்தை 4-ஆல் வகுத்த தடிப்பு வரை போகலாம். எல், டி, ஐ போன்ற எழுத்தில் சுழியே இல்லை, தாங்கும். தமிழில் அவ்வளவு தடிப்பு வைத்தால் சுழி அடைத்துக்கொள்ளும்.

எப்போதும் முதலில் சுருளைச் சுற்றிப் பாருங்கள். உங்கள் குழுவில் எந்த அளவுச் சுருள் சுலபமாகவும் ஒரே மாதிரியாகவும் வருகிறதோ அதுதான் உங்கள் அளவு. வட்ட ஓட்டை போட்ட அளவு அட்டையில் பத்துச் சுருளை விட்டு எடுத்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கோட்டின் தடிப்பு குறைந்தது ஒரு முழுச் சுருளுக்காவது இடம் தர வேண்டும். இரண்டு சுருளுக்கு இடம் இருந்தால் நல்லது.

தடித்த எழுத்தெல்லாம் நல்ல எழுத்தா?

இல்லை. தடித்த எழுத்திலும் நல்லது கெட்டது உண்டு. பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, சம தடிப்பு. கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலமா? சில எழுத்துருக்களில் நேர்க்கோடு தடிப்பாகவும் படுக்கைக் கோடு மெல்லிசாகவும் இருக்கும். ஆங்கிலத்தில் 'டைம்ஸ் நியூ ரோமன்' எழுத்துருவின் போல்டு அப்படித்தான். மெல்லிசான இடத்தில் சுருள் உட்காராது. 'ஏரியல் பிளாக்' எழுத்தில் தடிப்பு ஏறக்குறைய சமமாக இருக்கும், சுருள் வேலைக்குத் தோதானது.

இரண்டு, ஓட்டை திறந்திருக்கிறதா? ஆங்கில ஏ, பி, ஆர் எழுத்துகளின் உள்ளே ஓட்டை இருக்கும். 'இம்பாக்ட்' என்ற எழுத்துரு நல்ல தடிப்பு, ஆனால் ஒடுங்கி நெருக்கமாக இருப்பதால் உள் ஓட்டை குறுகலாக இருக்கும். சுருள் கொஞ்சம் உள்ளே தள்ளினாலும் ஓட்டை காணாமல் போகும். உங்கள் சுண்டுவிரல் நுனி அளவுக்காவது ஓட்டை இருக்கட்டும்.

மூன்று, மூலைகள் எத்தனை? எழுத்தைச் சுற்றி நாம் விளிம்புப் பட்டை நிறுத்தி ஒட்டுகிறோம். ஒவ்வொரு கூர் மூலையிலும் பட்டையை மடிக்க வேண்டும். எழுத்தின் கை கால் நுனியில் சின்னச் சின்னக் கட்டை வைத்த எழுத்துரு என்றால் ஒரு எழுத்துக்கே நிறைய மடிப்பு வரும், பசை விட்டுப் போகும். நுனி உருண்டையாக இருந்தால் பட்டை தானாக வளையும். 'கூப்பர் பிளாக்' என்று 1922-ல் வந்த ஆங்கில எழுத்துரு ஒன்று இருக்கிறது. தடிப்பும் உண்டு, நுனியெல்லாம் உருண்டை. குழந்தைகள் பெயருக்கு நன்றாக இருக்கும்.

நான்கு, சாய்வு வேண்டாம். சாய்ந்த எழுத்தில் இடைவெளி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகலாகிவிடும். நேராக நிற்கிற எழுத்தே நமக்குச் சரி.

தமிழ் எழுத்துக்குக் கூடுதல் கவனம்

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். நம் எழுத்தே சுழி எழுத்து. நாம் போடுகிற அலங்காரமும் சுழி. சுழிக்குள் சுழி வைத்தால் எது எழுத்து, எது அலங்காரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொட்டால் கோலம் கெட்டுப் போகும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதே கணக்குத்தான்.

கீழ்க்கண்ட இடங்களை விரல் வைத்துப் பாருங்கள்.

* ன, ண: இரண்டு சுழியும் மூன்று சுழியும் தனித்தனியாக எண்ண முடிய வேண்டும். ஒரு சுருள் வெளியே பிதுங்கினாலும் எண்ணிக்கை கூடிவிடும். "அன்னை" என்பதில் 'னை' வேறு இருக்கிறது. அதன் முன்னால் வரும் இணைக்கொம்பிலும் சுழி உண்டு. எங்கள் பலகையில் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டது.

* கெ, கே: ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா என்று தெரிய வேண்டும். கொ, கோ இரண்டுக்கும் இதேதான்.

* கி, கீ: மேலே போகிற விலங்கின் நுனியில் சுழி உண்டா இல்லையா என்பதுதான் வித்தியாசம். நுனியில் அழகுக்காகச் சுருள் வைக்காதீர்கள். 'கி' உடனே 'கீ' ஆகிவிடும்.

* எ, ஏ: கீழே இழுக்கிற சின்னக் கோடுதான் வித்தியாசம். அது தடிப்பில் மறையக் கூடாது.

* ர, துணைக்கால்: 'ர'வின் கீழ்வால் குட்டையாக இருந்தால் துணைக்கால் மாதிரித் தெரியும். வால் தெளிவாக நீண்ட எழுத்துருவாகப் பாருங்கள்.

* மெய்யெழுத்தின் புள்ளி: புள்ளி எழுத்தைத் தொடக் கூடாது. நடுவில் 3 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள். புள்ளியின் அளவு கோட்டின் தடிப்பு அளவே இருக்கட்டும். இறுக்கிச் சுற்றிய ஒரே சுருளாக வையுங்கள்.

தமிழ் எழுத்துக்கு எங்களுக்கு நன்றாக வந்த வழி இது: கோட்டுக்குள் உருண்டைச் சுருளைக் குறைத்து இலை, கண், மாங்காய் வடிவச் சுருள்களை வைத்தோம். சுருளைச் சுற்றி ஒரு நுனியைக் கிள்ளினால் மாங்காய், இரண்டு நுனியையும் கிள்ளினால் கண். இவை சுழி மாதிரித் தெரியாது. எழுத்தின் உள் ஓட்டைகளை வெறுமையாக விட்டுவிட்டோம். முழு உருண்டைச் சுருள் புள்ளிக்கு மட்டும்தான்.

இன்னொரு விஷயம். வயதானவர்கள் சிலர் 'னை', 'லை', 'ணை' எழுத்துகளைப் பழைய தும்பிக்கை வடிவத்தில் கேட்பார்கள். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு பாடப் புத்தகத்தில் புது வடிவம் வந்தது. அதனால் அவர்கள் கேட்பது தப்பு அல்ல, அவர்கள் படித்த எழுத்து அது. சாதாரண எழுத்துருவில் அது வராவிட்டால் கையால் வரைந்து கொடுங்கள். எந்த வடிவம் வேண்டும் என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் எப்படிக் கேட்பது?

"ஏதாவது அழகான எழுத்தாப் போடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உட்காராதீர்கள். இப்படிக் கேளுங்கள்.

1. தமிழுக்கு 'பலூ தம்பி' என்ற எழுத்துரு இருக்கிறதா என்று கேளுங்கள். தடித்தது, நுனிகள் உருண்டையானது. 'கேட்டமரான்' என்று இன்னொன்று உண்டு, நம்ம கட்டுமரம் என்ற சொல்தான் அது. அதில் மெல்லியதில் இருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்பு இருக்கிறது. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விற்கிற பொருளிலும் பயன்படுத்தலாம், அனுமதி உண்டு.

2. மெல்லிய எழுத்தை எடுத்து "போல்டு" பொத்தானை மட்டும் அழுத்தித் தந்தால் கவனமாகப் பாருங்கள். அந்த எழுத்துருவுக்குத் தனியாகத் தடித்த வடிவம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதே எழுத்தைக் கொஞ்சம் வீங்க வைத்துக் கொடுக்கும். சுழிகள் அடைத்துக்கொள்ளும். தடித்ததாகவே வரைந்து வைத்த எழுத்துருவைக் கேளுங்கள்.

3. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பெயரை அப்படியே புது எழுத்துருவுக்கு மாற்றினால் எழுத்து உளறிவிடும். புதிதாக அடிக்கச் சொல்லுங்கள்.

4. அளவு: முதலில் 400 என்று வைத்து ஒரு எழுத்து மட்டும் பிரிண்ட் எடுங்கள். ஸ்கேலால் அளந்து பாருங்கள். 10 செ.மீ. வந்திருக்கிறது, நமக்கு 12 செ.மீ. வேண்டும் என்றால் அளவை 480 ஆக்கச் சொல்லுங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு அளவு மாறும், அதனால் அளக்காமல் எல்லாப் பக்கத்தையும் எடுக்க வேண்டாம்.

5. எழுத்தை உள்ளே கறுப்பாக நிரப்பாமல் விளிம்புக் கோடு மட்டும் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். மையும் மிச்சம், கார்பன் தாள் வைத்துப் பலகையில் எடுக்கவும் சுலபம்.

கம்ப்யூட்டர் இல்லாமலே தடித்த எழுத்து வரையலாம்

சென்டருக்குப் போக பஸ் செலவு ஆகும் ஊர்களில் இதைச் செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணயம் போதும்.

பெரிய தாளில் பென்சிலால் எழுத்தைச் சாதாரணமாக, ஒற்றைக் கோடாக, நிதானமாகப் பெரிதாக எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதிக் காட்டுவது போல எழுதினால் போதும். இப்போது கோட்டின் ஆரம்பத்தில் நாணயத்தின் நடுப்பகுதி வரும்படி வைத்து, இரண்டு பக்கமும் ஒரு புள்ளி வையுங்கள். நாணயத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி இரு பக்கமும் புள்ளி. இப்படிக் கோடு முடியும் வரை போங்கள். பிறகு புள்ளிகளைச் சேர்த்தால் சுமார் 2 செ.மீ. தடிப்பில், எல்லா இடமும் ஒரே அகலத்தில், உருண்டை நுனியோடு எழுத்து வந்துவிடும். புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைக்கு இது புதிசு இல்லை.

ஒன்று மட்டும் கவனம். முதலில் எழுதும் ஒற்றைக் கோட்டில் சுழிகளைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள். இரண்டு பக்கமும் தடிப்பு ஏறும்போது உள் ஓட்டை குறையும். ஒற்றைக் கோட்டில் சுழியின் குறுக்களவு 4 செ.மீ. இருந்தால், தடிப்பு 2 செ.மீ. போக உள்ளே 2 செ.மீ. ஓட்டை மிஞ்சும்.

ஆர்டர் எடுக்கும் முன் நூல் கணக்கு

தடிப்பு கூடினால் அழகு கூடும், வேலையும் கூடும். எத்தனை சுருள் வேண்டும் என்று தெரியாமல் விலை சொன்னால் நம் கூலி போகும். ஒரு நூலை எடுத்து எழுத்தின் நடுக்கோடு வழியாக ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

உதாரணமாக ஒரு எழுத்தின் நூல் நீளம் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1 செ.மீ. சுருள் போடுகிறோம்.

தடிப்பு 2 செ.மீ. என்றால்: 50 x 2 = 100 சுருள்.
தடிப்பு 3 செ.மீ. என்றால்: 50 x 3 = 150 சுருள்.

ஒரு சுருளைச் சுற்றி, கிள்ளி, ஒட்ட ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் 100 சுருளுக்கு 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். 150 சுருளுக்கு 225 நிமிடம், அதாவது மூன்றே முக்கால் மணி நேரம். விளிம்புப் பட்டை ஒட்டும் நேரம் தனி. ஒன்றே கால் மணி நேரம் கூடுதல் வேலை, ஆனால் வாங்குகிறவர் ஒரே விலைதான் தருவார் என்றால் எந்தத் தடிப்பு நமக்குக் கட்டுப்படியாகும்? நீங்களே முடிவு செய்யலாம்.

உங்கள் குழுவில் ஒரு சுருளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, அந்த எண்ணைப் போட்டுக் கணக்குப் பண்ணுங்கள்.

ஒட்டும் முன் மூன்று சோதனை

பசை தொடும் முன்பே சோதனை செய்ய வேண்டும். ஒட்டிய பிறகு பிரித்தால் பட்டையும் போகும், பலகையும் போகும். சுருள்களை ஒட்டாமல் சும்மா அடுக்கி வைத்து இதைச் செய்யுங்கள்.

முதல் சோதனை, பத்து எட்டு. பலகையைத் தரையில் வைத்து, பத்து எட்டு தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எழுத்து தெரிய வேண்டும். சுருள்கள் மட்டும் தெரிந்தால் விளிம்புப் பட்டைக்கு அடர்ந்த நிறம் போடுங்கள், பின்புறத்தை வெளிர் நிறமாக மாற்றுங்கள்.

இரண்டாம் சோதனை, போன் படம். செல்போனில் படம் எடுத்து, அதைச் சின்னதாக்கிப் பாருங்கள். சுழி அடைத்திருந்தால் சின்னப் படத்தில் உடனே தெரியும்.

மூன்றாம் சோதனை, கூட்டி வாசிப்பவர். இதுதான் முக்கியமானது. என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல், வேலையில் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. வேகமாக வாசிக்கிறவர்கள் பாதி பார்த்துப் பாதி ஊகித்துக்கொள்வார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் இருப்பதை மட்டும்தான் வாசிப்பார். அவர் தடுமாறும் இடம்தான் நாம் திருத்த வேண்டிய இடம். தடுமாறினால், "அக்காவுக்குப் படிக்கத் தெரியலை" என்று சொல்லாதீர்கள். எழுத்தைத் திருத்துங்கள்.

அந்தப் பலகை திரும்பி வந்த மறுவாரம் நான் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்க்கா" என்றேன். அவர் சொன்னார்:

"நான் நாலெழுத்து படிச்சவ, எனக்குத்தான் புரியலையோன்னு நெனச்சேன் மேடம். அதான் ரெண்டாவது தடவ சொல்லல."

சகோதரிகளே, இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. 420 ரூபாயும் வட்டியும் மூன்று மாதத்தில் அடைந்துவிட்டது. ஆனால் சரியாகப் பார்த்த ஒருவர், தனக்குத்தான் தெரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டது பெரிய நஷ்டம். நான் சிரித்ததால் வந்த நஷ்டம் அது. நம் குழுக்களில் கணக்குப் புத்தகம் வாசிக்கும்போதும் இப்படி எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ என்று அன்றைக்கு யோசித்தேன்.

இப்போது அந்தக் குழுவில் எந்தப் பலகையும் அந்த அக்கா வாசிக்காமல் வெளியே போவதில்லை. அதைச் சும்மா உதவியாக வைக்கவில்லை. ஒரு பலகைக்கு 20 ரூபாய் கூலி என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். செலவுக் கணக்கில் பட்டை, பசை, சட்டம், அதற்குக் கீழே "வாசிப்புக் கூலி" என்று ஒரு வரி.

நினைவில் வையுங்கள்

* முதலில் சுருள் அளவு, பிறகு எழுத்துரு.
* தமிழுக்கு உயரத்தில் 6-ல் ஒரு பங்கு தடிப்பு. ஆங்கிலத்துக்கு 4-ல் ஒரு பங்கு வரை.
* சம தடிப்பு, திறந்த ஓட்டை, உருண்டை நுனி, நேரான நிலை.
* சுழி எழுத்துக்குள் உருண்டைச் சுருள் வேண்டாம். இலை, கண், மாங்காய் போதும்.
* பெயரின் எழுத்தை வாடிக்கையாளர் கையாலேயே எழுதி வாங்குங்கள். முன்பண ரசீதிலும் அதே எழுத்தை எழுதுங்கள்.
* ஒட்டும் முன் வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. ஒவ்வொரு உறுப்பினரும் தன் பெயரின் முதல் எழுத்தை நாணயம் வைத்துத் தடித்த எழுத்தாக வரையட்டும். கைநாட்டு மட்டும் வைக்கும் உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒற்றைக் கோட்டில் எழுதிக் கொடுக்கலாம். தடிப்பை அவரே ஏற்றட்டும்.

2. வரைந்த தாள்களைக் கலந்து சுவரில் ஒட்டுங்கள். பத்து எட்டு தள்ளி நின்று எது யாருடையது என்று சொல்லுங்கள். எந்த எழுத்து குழப்புகிறது, ஏன் என்று பேசுங்கள்.

3. நூல் வைத்து அளந்து, எத்தனை சுருள், எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுங்கள். அதற்கு என்ன விலை சொல்லலாம் என்று சேர்ந்து முடிவெடுங்கள்.

4. உங்கள் குழுவில் எழுத்துக் கூட்டி வாசிப்பவர் யார்? பலகையையும் கணக்கு நோட்டையும் அவர் ஒருமுறை வாசித்துச் சொல்ல ஏற்பாடு செய்ய முடியுமா?

வரைந்த எழுத்துகளை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு மடிக்காமல் சுருட்டிக் கொண்டு வாருங்கள். எங்கள் பழைய "அன்னை இல்லம்" பலகையையும் நான் கொண்டு வருகிறேன். எங்கே தவறினோம் என்று நீங்களே விரல் வைத்துக் காட்டலாம்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்